தாலி ஏறிய பிறகு வரும் சந்தேகங்கள்: ரங்கூன் புதுத் தம்பதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாங்கோன் என்று பெயர் மாறினாலும் நம் வாயில் அது இன்னும் ரங்கூன்தான். இங்கே கோயில் கல்யாணங்களுக்குப் பத்திரிகை எழுதிக் கொடுப்பதும் பந்தியைக் கவனிப்பதும் என் வேலை. பந்தி முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பேன். சில வாரங்களில் போன் வரத் தொடங்கும். "அக்கா, ஒரு சந்தேகம்" என்று முதலில் பெண். அப்புறம் அதே வீட்டிலிருந்து மாப்பிள்ளை, "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று.

பெண் தட்டோன் பக்கத்துக் கிராமம், மாப்பிள்ளை ரங்கூனுக்குள்ளேயே தாம்வே. பெண் பெகு, மாப்பிள்ளை மோல்மேன். எப்போதாவது தமிழ்நாட்டிலிருந்தே வாக்கப்பட்டு வருகிறவர்களும் உண்டு. எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனால் தெருவில் இருக்கும் பர்மிய வழக்கம் யார் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். தன் வீட்டில் நடந்ததுதான் எல்லார் வீட்டிலும் நடக்கும் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டு வருகிறார்கள். கேட்டவர்கள் யார் என்பதை மட்டும் எடுத்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன்.

"காலையில தோசை சுட்டு வச்சா தொடவே மாட்டேங்கிறார். பசிக்கலைன்னு சொல்றார். என் சமையல் பிடிக்கலையாக்கா?"

உங்கள் தோசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனுஷன் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார். ரங்கூனில் ஆண்கள் காலைப் பசியை டீக்கடையில்தான் தீர்த்துக்கொள்வார்கள். மீன் குழம்பில் அரிசிச் சேமியாவைப் போட்டுத் தருகிற மொஹிங்கா ஒரு கிண்ணம், இல்லாவிட்டால் அவித்த பட்டாணியோடு நான் ரொட்டி, கூடவே ஒரு பால் டீ. ஆறு மணிக்கு "சும்மா ஒரு நடை போயிட்டு வரேன்" என்று கிளம்புகிறாரே, அந்த நடை தெருமுனை முக்காலி வரைக்கும்தான்.

மாப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "பசிக்கலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கடையில் சாப்பிட்டேன்" என்று முழுசாகச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து சட்னி அரைத்தவளுக்கு அந்த ஒற்றைச் சொல் எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் வீட்டில் சாப்பாடு என்று இரண்டு பேருமாகப் பேசி வைத்துக்கொண்டால் மாவும் மிச்சம், மனசும் மிச்சம்.

"டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனார். உட்கார்ந்த உடனே உதட்டைக் குவிச்சு முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் போட்டார். எதிர் மேசையில ஒரு பொண்ணு இருந்துச்சு. இதை நான் எப்படி எடுத்துக்கிறது?"

கேட்டது தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண். டீ கொண்டு வரும் பையனை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தது யார் என்று கவனித்திருந்தால் அங்கேயே விளங்கியிருக்கும். எதிர் மேசைப் பெண் தலையைத் தூக்கியிருக்கக்கூட மாட்டாள்.

"அதே டீக்கடைதான். இத்தனை பலகாரம் ஏன் வாங்கினார்னு தெரியலை. வீணாக்கக் கூடாதேன்னு எல்லாத்தையும் நானே சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தா மாமியார் ஒரு மாதிரி பார்க்கிறாங்க."

அவர் எதையும் வாங்கவில்லை. உட்கார்ந்ததும் சமோசா, எண்ணெயில் பொரித்த நீள மாவுத் துண்டான இ-ஜா-குவே, நம்ம பரோட்டா மாதிரியான பலாட்டா என்று தட்டுத் தட்டாகக் கேட்காமலேயே கொண்டுவந்து வைப்பது கடை வழக்கம். எத்தனை எடுத்தோமோ அத்தனைக்குத்தான் காசு. மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். கெண்டியில் இருக்கும் வெறும் டீ மட்டும் இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

நடந்தது இதுதான்: தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்த பெண் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். புதுப் பெண்டாட்டி ஆசையாகச் சாப்பிடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் இருந்தார். தட்டு காலியாகிறதே என்று பையன் அடுத்த தட்டைக் கொண்டுவந்தான். "எனக்காக எவ்வளவு செலவு பண்றார்" என்று அவள் உருக, அவர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "புள்ளைக்கு நல்லாப் பசிக்குதும்மா, சோறு கூடப் போடு" என்று சொல்லியிருக்கிறார். மாமியார் பார்த்த பார்வைக்கு அதுதான் காரணம். அன்று ராத்திரியும் அவள் தட்டில் இரண்டு மடங்கு சோறு விழுந்ததாம். மரியாதைக்கு அதையும் சாப்பிட்டாளாம்.

"அவர் ஆபீசுக்குப் போய்ப் பேரைச் சொல்லிக் கேட்டா, அப்படி ஒருத்தர் இங்கே வேலையே செய்யலைன்னுட்டாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ஏமாத்திட்டாரா?"

நம்மவர்களில் பலருக்கு இரண்டு பெயர். வீட்டில், கோயிலில், கல்யாணப் பத்திரிகையில் தமிழ்ப் பெயர். பள்ளிக்கூடத்தில், அடையாள அட்டையில், வேலையில் பர்மியப் பெயர். வீட்டில் முருகேசனாக இருப்பவர் ஆபீசில் கோ மின் ஆங் ஆக இருப்பார். கூட வேலை பார்ப்பவர்களுக்கு முருகேசன் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. உங்கள் கல்யாணப் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு, "இது யார் கல்யாணம்?" என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அதனால்தான் நான் இப்போது இரண்டு பெயரையும் போட்டே பத்திரிகை எழுதுகிறேன்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சந்தேகத்துக்கும் இங்கேயே பதில்: கல்யாணமானதும் உங்கள் பெயருக்குப் பின்னால் அவர் பெயரைப் போட வேண்டியதில்லை. பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கல்யாணத்துக்கு முன் அட்டையில் என்ன பெயரோ அதேதான் பின்னாலும். அவர் உங்களைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம் பண்ணி அழ வேண்டாம்.

"பிறந்தநாள் என்னைக்குன்னு கேட்டேன். 'வெள்ளிக்கிழமை'ன்னார். எந்த வெள்ளிக்கிழமை?"

எல்லா வெள்ளிக்கிழமையும்தான். பர்மியர்களுக்குப் பிறந்த தேதியை விடப் பிறந்த கிழமை முக்கியம். கிழமைக்கு ஒரு திசை, ஒரு விலங்கு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வெள்ளிக்கு வாலில்லாத கினி எலி. புதன்கிழமையை மத்தியானத்தோடு இரண்டாகப் பிரித்து, காலைக்குத் தந்தமுள்ள யானை, பிற்பகலுக்குத் தந்தமில்லாத யானை என்று வைத்திருக்கிறார்கள். ஷ்வேடகோன் பகோடாவில் எட்டுத் திசையிலும் அந்தந்தக் கிழமைக்காரர்கள் தண்ணீர் ஊற்றுகிற இடம் இருக்கிறது. நம் பிள்ளைகளும் கூட்டாளிகளோடு போய் ஊற்றி வளர்ந்தவர்கள்தான். அதனால் கேட்டதும் கிழமைதான் வாயில் வரும்.

ஒரு வீட்டில் இது நீண்டுபோனது. அவள் தேதி கேட்கக் கூச்சப்பட்டு, எந்த வெள்ளியோ தெரியவில்லையே என்று வாராவாரம் பாயசம் வைத்தாள். அவர் அதை வெள்ளிக்கிழமை விரதம் என்று நினைத்து, மனைவியின் பக்திக்கு மரியாதையாக மீன் தொடுவதை விட்டார். அவர் மீன் தொடாததைப் பார்த்து, நிஜமாகவே ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று அவள் வடையையும் சேர்த்தாள். ஆடிப் பூரம் வந்தபோது மாமியார் கேட்டுத்தான் குட்டு உடைந்தது.

தேதி தெரிய வேண்டுமானால் மாமியாரிடம் கேளுங்கள். அவர் நட்சத்திரம் சொல்வார். அடையாள அட்டையில் வேறொரு தேதி இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்; பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்ன தேதியாக இருக்கும்.

"மாமியார் 'இறால் ஒண்ணு வாங்கிட்டு வா'ன்னாங்க. ஒரு கிலோ வாங்கிட்டு வந்தா, கஞ்சத்தனம் பண்றேன்னு பேச்சு வருது."

இங்கே சந்தைக் கணக்கு வீசையில். ஒரு வீசை என்பது ஏறத்தாழ 1.6 கிலோ. எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டில் அந்த 600 கிராம் குறைவது நன்றாகவே தெரியும்.

"எங்க அப்பா நகை அஞ்சு போடுறேன்னு சொன்னார், போட்டுட்டார். மாமியார் வீட்ல பாதிதான் வந்திருக்குன்னு சொல்றாங்க. யார் பொய் சொல்றது?"

யாரும் பொய் சொல்லவில்லை. மேலே இறாலுக்கு நடந்ததுதான் இங்கே தங்கத்துக்கு நடந்திருக்கிறது. ஊர் வழக்கம் விடாத பெரியவர்கள் பவுனில் பேசுவார்கள். ஒரு பவுன் 8 கிராம். இங்கே தங்கக் கடை பேசுவது கியத்தாவில்; ஒரு கியத்தா 16 கிராமுக்குச் சற்று அதிகம், அதைப் பதினாறு பே என்று பிரிப்பார்கள். ஆக, ஒரு கியத்தா என்பது கிட்டத்தட்ட இரண்டு பவுன். உங்கள் அப்பா மனதில் 40 கிராம். அவர்கள் மனதில் 80-க்கு மேல். இரண்டு பேரும் "அஞ்சு, சரி" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

பணத்திலும் இதே கூத்து உண்டு. ஒருவர் "பத்து" என்றால் பத்து லட்சம், இன்னொருவருக்குப் பத்தாயிரம். நிச்சயத்தன்று சொல்வதை எந்த அளவையில் சொல்கிறோம் என்று தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்பதே எனக்குப் பிடிக்காத பழக்கம். கேட்காத வீட்டில் இந்தக் குழப்பம் வந்ததாக நான் பார்த்ததில்லை.

ஏற்கெனவே சண்டை தொடங்கிவிட்டது என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் பேசாதீர்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு பெரியவர் தங்கக் கடைத் தராசு முன்னால் இரண்டு சம்பந்திகளையும் நிறுத்தினால் போதும். தராசைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். சிரிக்காவிட்டால் அது வேறு வியாதி, என்னிடம் மருந்தில்லை.

"கல்யாணப் பரிசா வட்டமா, ஓரத்துல பள்ளம் வெட்டின அழகான சின்ன அம்மி கொடுத்தாங்க. அதுல மிளகாய் அரைச்சேன். இப்ப வீட்ல யாரும் என்கிட்டே பேச மாட்டேங்கிறாங்க."

ஐயோ. அது தனக்கா என்கிற மரக்கட்டையை அரைக்கிற கல். அந்தக் கட்டையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அந்த மஞ்சள் சாந்தைக் கன்னத்தில் பூசிக்கொள்வார்கள். ஓரத்துப் பள்ளம் தண்ணீர் வடிவதற்கு. நீங்கள் மிளகாய் அரைத்த மறுநாள் காலையில் நாத்தனார் வழக்கம்போலத் தேய்த்துப் பூசியிருப்பார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லில் ஏறிய காரம் கழுவினால் போகாது. புதுக் கல் ஒன்று வாங்கி நாத்தனார் கையில் கொடுத்துவிடுங்கள். பழையது இனி உங்கள் அம்மியேதான்.

"என் துணியைக் கொடியில போட்டா அவர் அந்தப் பக்கமே வர மாட்டேங்கிறார். குனிஞ்சு, சுத்திக்கிட்டுப் போறார். என் துணி என்ன பாம்பா?"

பெண்கள் இடுப்பில் கட்டும் துணிக்குக் கீழே ஆண் நடந்தால் அவனுடைய மதிப்பும் அதிர்ஷ்டமும் குறையும் என்று பர்மியர்களில் பழைய நம்பிக்கை உண்டு. தமெய்ன் என்கிற அந்தத் துணியைத் தலைக்கு மேலே காயப்போட மாட்டார்கள். தாழ்வாக, வீட்டுக்குப் பின்பக்கம் போடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அதே தெருவில் இருந்த நம் வீடுகளிலும் இது ஒட்டிக்கொண்டது. ஆறு கஜச் சேலையைப் பால்கனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கட்டினால் அந்த மனுஷன் பால்கனிக்கு எப்படிப் போவார்? அங்கே மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும் என்பது தனிச் சோகம்.

எனக்கு இந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் மாமியார் வீட்டில் முதல் வருஷத்திலேயே விவாதிக்க வேண்டிய விஷயம் இது இல்லை. கொடியை இறக்கிக் கட்டுங்கள். தனிக்குடித்தனம் போன பிறகு, துணி துவைக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். தூக்கிக் காயப்போட வேண்டியவர் தாமேதான் என்றதும் நம்பிக்கை தானாகத் தளர்ந்ததை இரண்டொரு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"ராத்திரி பால்கனியில தானா மணி அடிக்குது. பயமா இருக்கு."

தானாக அடிக்கவில்லை, கீழே உங்கள் கணவர் நிற்கிறார். லிஃப்ட் இல்லாத ஆறு ஏழு மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே மணி. கீரைக்காரி கிளிப்பில் பையை மாட்டுவாள், நீங்கள் இழுத்துக்கொள்வீர்கள். பத்திரிகைக்காரரும் அப்படியே. ராத்திரி தெருக்கதவு பூட்டிய பிறகு வருகிறவர் கயிற்றை இழுப்பார், நீங்கள் சாவியை மாட்டி இறக்க வேண்டும்.

கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் காலையில் கீரைக்காரியோடு நன்றாகப் பழகிக்கொண்டாள். ராத்திரி பத்தரைக்கு மணி அடித்ததும் உள்ளிருந்தே, "இன்னைக்கு ஒண்ணும் வேணாம், நாளைக்கு வா!" என்று கத்தினாளாம். நான்காவது மாடியிலிருந்து தெருவே கேட்டது. அந்தத் தெருப் பையன்கள் இன்னும் அவரைப் பார்த்தால் அதைத்தான் சொல்கிறார்கள். மூன்று இழுப்பு இழுத்தால் நான்தான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"நடு ராத்திரியில தோளைப் பிடிச்சு உலுக்கி 'வந்துடுச்சு, வந்துடுச்சு'ங்கிறார். திருடன்னு நினைச்சு டார்ச்சால அடிச்சுட்டேன்."

வந்தது கரண்ட். முறை வைத்து மின்சாரம் விடும் நாட்களில் அது ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் வரும். வந்தவுடன் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வடிக்க வேண்டும், சட்டை தேய்க்க வேண்டும், போன் சார்ஜ் போட வேண்டும். அவர் வளர்ந்த வீட்டில் அந்த ஒரு சொல்லுக்கு எல்லாரும் எழுந்து ஆளுக்கொரு வேலையைப் பிடிப்பார்கள். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான வழக்கும் என்னிடம் வந்தது. பெண்டாட்டி தூங்கட்டும் என்று இரக்கப்பட்டு ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து போனார். அவள் கண் விழித்தாள். பக்கத்தில் ஆளில்லை, சமையலறையில் விளக்கைப் போடாமல் போன் வெளிச்சத்தில் நிற்கிறார். அடுத்த வாரம் முழுக்க அந்தப் போன் யாருக்கு என்ற விசாரணை. எழுப்புங்கள். என்ன வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லி எழுப்புங்கள்.

"அவர் அனுப்புற மெசேஜ் எல்லாம் உடைஞ்சு உடைஞ்சு, வட்டமும் கட்டமுமா வருது. கோபத்துல ஏதாவது குறி போட்டு அனுப்புறாரா?"

போனில் பர்மிய எழுத்துக்கு ஸாஜி என்றும் யூனிகோடு என்றும் இரண்டு முறை இருந்தது. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறியது. ஒருவர் கையில் பழைய போனும் இன்னொருவர் கையில் புதியதும் இருந்தால் "சாப்பிட்டியா" என்பதுகூடச் சிதைந்த எழுத்தாக வந்து நிற்கும். போனை மாற்றுங்கள், புருஷனை அல்ல.

தமிழில் எழுதலாமே என்று கேட்பீர்கள். 1960-களில் தனியார் பள்ளிகள் அரசு கைக்குப் போனதிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கூடம் என்பது இல்லாமல் போய், கோயில் வகுப்புகளில்தான் தமிழெழுத்து மிஞ்சியது. பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்கிற பிள்ளைகள் நிறைய. அவர்கள் தமிழையே பர்மிய எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அதில் 'ழ' கிடையாது. வாளை மீன் கேட்ட ஒருவருக்கு வாழைக்காய் வறுவல் கிடைத்தது அப்படித்தான். மளிகைச் சாமான் விஷயத்தில் குரல் செய்தி அனுப்புவது உத்தமம்.

"சித்திரை ஒண்ணாந் தேதி பட்டுச்சேலை கட்டிக் கோயிலுக்குக் கிளம்பினேன். வாசல்லேயே என் புருஷன் ஒரு வாளித் தண்ணியை என் தலையில ஊத்தினார். அவர் கூட்டாளிங்க கைதட்டறாங்க."

தமிழ் வருஷப் பிறப்பும் பர்மியர்களின் திங்யான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே சமயத்தில், ஏப்ரல் நடுவில் வருகின்றன. போன வருஷத்து அழுக்கைக் கழுவி வாழ்த்துவதாக அதற்கு அர்த்தம். அவர் உங்களை அவமானப்படுத்தவில்லை. கல்யாணமான முதல் திங்யானில் பெண்டாட்டிக்கு முதல் வாளியைத் தானே ஊற்ற வேண்டும் என்று ஆசையோடு காத்திருந்திருக்கிறார். பட்டு என்பதுதான் அவர் கண்ணில் படவில்லை.

விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய் வந்துவிடுங்கள். அதற்கப்புறம் பருத்திச் சேலைதான். போனையும் பணத்தையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

"எங்க அம்மா வீட்டுக்கு வந்தா எதை வச்சாலும் 'வேணாம், வேணாம்'ங்கிறார். திரும்பி வர்ற வழியில கடையில நிறுத்தி மூணு பலாட்டா சாப்பிடுறார். எங்க அம்மா முகத்தைப் பார்க்க முடியலை."

அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது, முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்லக் கூடாது என்பது பர்மிய நாகரிகம். அவர் பசியோடு, இரண்டாவது உபசாரத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் அம்மாவோ மாப்பிள்ளை முதல் தடவையே வேண்டாம் என்றுவிட்டாரே, வற்புறுத்தினால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து தட்டை எடுத்துவிடுகிறார். முதல் கேள்வியில் வந்த "பசிக்கலை"யின் அண்ணன் இந்த "வேணாம்". அம்மாவிடம் கேட்காமலே பரிமாறச் சொல்லுங்கள். இலையில் விழுந்துவிட்டால் அவர் சாப்பிட்டுவிடுவார்.

"சண்டை நடக்கும்போது நான் தமிழ்ல பேசினா அவர் பர்மாவில பதில் சொல்றார். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் புரியணும்னே செய்றாரா?"

பெண்கள் தமிழில் சண்டை போடுவது அக்கம்பக்கத்துக்குப் புரியக் கூடாது என்பதற்காக. அவர் பர்மிய மொழிக்குத் தாவுவது, பள்ளிக்கூடத்திலிருந்து கோபப்பட்டுப் பழகிய மொழி அது என்பதால். பணம் எண்ணும்போது எந்த மொழியில் எண்ணுகிறார் என்று கவனியுங்கள். அந்த மொழியில்தான் கோபமும் வரும். அமைதியான ஒரு நாளில், கோபம் வந்தால் தமிழ், இல்லாவிட்டால் மெதுவான குரல் என்று பேசி முடியுங்கள். இதில் நான் முழுக்கப் பெண்கள் பக்கம்: வீட்டுச் சண்டையைத் தெருவுக்கு மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை.

"சண்டை போட்ட மறுநாள் அவர் லப்பெத் பொட்டலம் வாங்கி வந்து நடுவுல வச்சுட்டு, ஒண்ணும் பேசாம உட்கார்ந்திருந்தார். பசியா இருந்துச்சு, நானே முழுசும் சாப்பிட்டுட்டேன். இப்ப முன்னைவிடக் கோபமா இருக்கார்."

அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், நீங்கள் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள். லப்பெத் என்பது ஊறவைத்த தேயிலை. வறுத்த பருப்பு, எள், பூண்டு, வேர்க்கடலையோடு சாப்பிடுவது. ராஜாக்கள் காலத்தில் வழக்கு தீர்ந்ததும் இரண்டு தரப்பும் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இன்றைக்கும் அதை நடுவில் வைப்பது சமாதானப் பேச்சு மாதிரிதான். அவர் எதிர்பார்த்தது இரண்டு பேர் கையும் ஒரே தட்டில் போக வேண்டும் என்பதை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் மேலே அம்மா வீட்டில் "வேணாம்" என்றவரும் இவரும் ஒரே ரகம்.

இந்த முறை நீங்கள் ஒரு பொட்டலம் வாங்கி வந்து நடுவில் வையுங்கள், ஒரு வாய் எடுத்துவிட்டு அவர் பக்கம் தள்ளுங்கள். மத்தியானத்திலேயே வையுங்கள். ராத்திரி சாப்பிட்டால் தேயிலை தூங்க விடாது, விடிய விடிய உட்கார்ந்து பழைய சண்டையை முதலிலிருந்து பேசத் தொடங்கிவிடுவீர்கள்.